மூணாவது பட்டன்

எழுப்பவில்லை, தூங்கு. முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். வண்டிச் சாவி டிவி மேலே. உன் தங்கச்சியை அனுப்பிவிட்டு, இன்று ஆஸ்பத்திரியில் பாப்பாவோடு நானே இருக்கிறேன்.

ஓவர்டைம் என்று இத்தனை நாள் சொன்னதெல்லாம் பொய். பாப்பாவின் முடி கொட்டிய தலையைப் பார்க்கத் தெம்பில்லாமல், ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். "நீங்கள்லாம் ஒரு அப்பாவா?" என்று நேற்று நீ கேட்டதற்கு எகிறினேன் வேறு. எழுப்பாததும் உன் தூக்கத்துக்காக இல்லை. உன் முகத்தில் விழிக்க வெட்கம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி சித்தி போனில் பாப்பா கூப்பிட்டாள். ஜன்னல் வழியாகத் தினமும் என்னைப் பார்த்திருக்கிறாள்.

"மேல வர வழி தெரியலையாப்பா? லிஃப்ட்ல மூணாவது பட்டனை அமுக்குங்க. அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்."