காபிக்குச் சொன்ன 'மதி'

போன சனிக்கிழமை நம் பிரிட்ஜ் சீட்டாட்டக் கிளப்பில் மேஜைக்கு நாலாகப் புதுப் பெட்டிகள் வந்து இறங்கின, ஓய். கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் பெட்டி. இனிமேல் யாரும் வாயைத் திறந்து ஏலம் கேட்க வேண்டாமாம். கேட்க வேண்டியதை அச்சடித்த அட்டையாக உருவி மேஜைமேல் வைத்தால் போதும். நான் உருவிய முதல் அட்டை பச்சை. 'பாஸ்' என்று போட்டிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, நீர் இருந்தவரை எனக்கு ஜோடியாக உட்கார்ந்த எதிர் நாற்காலியைப் பார்த்தேன். பாங்கியிலிருந்து ஓய்வு பெற்ற புது ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். உம்மைப் போல ஓயாமல் காலாட்டுவதில்லை என்பதைத் தவிர அவரிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

ஆட்டம் முடிந்ததும் செயலாளர் சசிதரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சாரே, ஆண்டு விழா மலருக்கு க்ளப்பின்றெ சரித்திரம் நிங்ஙள்தான் எழுதணும். பழைய ஆள் இனி நிங்ஙள் மாத்ரமல்லே உள்ளு?" என்றார். மறுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

முதல் பக்கங்கள் தடையில்லாமல் வந்தன. கரமனையில் வாசகசாலை மாடியில் 'இருபத்தெட்டு' என்கிற சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்த நாலு பேருக்கு, வடக்கே உத்தியோகம் பார்த்துத் திரும்பிய ஒருவர் பிரிட்ஜ் சொல்லிக் கொடுத்ததை எழுதினேன். க்ளப் என்கிற சீட்டை வருஷக்கணக்காக 'க்ளாவர்' என்றே சொல்லி அவர் உயிரை வாங்கியதை எழுதினேன். வெளியூரிலிருந்து ஆட வந்த ஒருவர் ஆட்டோக்காரரிடம் "பிரிட்ஜ் கிளப்" என்று சொல்ல, அவர் நேரே கரமனைப் பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தி, "பாலம் இது, க்ளப்பு அறியில்ல" என்று கையை விரித்ததையும் எழுதினேன். அந்தக் கதையை நீர் எத்தனை தடவை சொன்னாலும் புதிதாகக் கேட்பது போலச் சிரிப்பேனே, ஞாபகமிருக்கிறதா?

அதற்குப் பிறகு 'மதி' வந்தது. பேனா நின்றுவிட்டது.

மேலே கேட்காமல் விடும்போது பாஸ் என்று சொல்ல வேண்டிய இடத்தில் நம் மலையாளி நண்பர்கள் 'மதி' என்பார்கள். போதும் என்று அர்த்தம். கேட்டுக் கேட்டு நமக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. நடுவர்களும் கண்டுகொள்வதில்லை. காபி ஊற்ற வரும் தாமோதரனுக்கும் அதே வார்த்தைதான். போதுமென்றால் நீர் டம்ளரின்மேல் உள்ளங்கையை வைத்து மூடி, "மதி" என்பீர்.

ஆரியசாலை கிளப்காரர்களோடு நடந்த கோப்பை ஆட்டத்தின் கடைசிக் கை அது. எத்தனை பிடி எடுப்போம் என்று குறைத்துச் சொன்னால் குறைந்த மதிப்பெண். கூட்டிச் சொல்லி எடுக்க முடியாமல் போனால் மதிப்பெண் எதிராளிக்கு. நான் சுமாரான சீட்டை வைத்துக்கொண்டு "ரெண்டு ஸ்பேட்" என்றேன். என் இடப்பக்கத்து ஆள் பாஸ். அடுத்து உம் முறை. அந்த நேரம் பார்த்துத் தாமோதரன் வந்து உம் டம்ளரில் சாய்த்தான். "மதி" என்றீர். என் வலப்பக்கத்து ஆள் அதை பாஸ் என்று எடுத்துக்கொண்டு, தானும் "மதி" என்றார். ஏலம் முடிந்தது.

"நில்லும், நில்லும்! அது காபிக்காக்கும் சொன்னது. நான் இன்னும் கேக்கவே இல்லை" என்று பதறினீர். நடுவரைக் கூப்பிட்டார்கள். அவர் எல்லாரையும் விசாரித்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்தார். "நீங்கோ சொல்லுங்கோ. உங்களுக்கு எப்படிக் கேட்டுது?"

உம் உள்ளங்கை டம்ளரின்மேல் இருந்ததை நான் பார்த்தேன், ஓய். இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஆனால் நீர் நாலு ஸ்பேட் கேட்கப் போகிறீர், கோப்பை மொத்தமும் என் தலையில் வந்து விழப் போகிறது, இத்தனை பேர் பார்க்க நான் கவிழப் போகிறேன் என்று பயந்துவிட்டேன். "எனக்கும் பாஸ்னுதான் கேட்டுது" என்றேன்.

அந்தக் கையை ஆடுவது நான், நீர் டம்மி என்பதால் உம் சீட்டுகளை வரிசை வரிசையாக மேஜையில் பரப்பி வைத்தீர். எல்லாம் ராஜாவும் ராணியுமாக இருந்தது. பத்துப் பிடி எடுத்தேன், அதாவது கணக்குப்படி ஆறுக்கு மேல் நாலு. நாலு கேட்டிருந்தால் தாராளமாக ஜெயித்திருப்போம். கோப்பை ஆட்டத்தில் இரண்டு மேஜைக்கும் ஒரே சீட்டுதானே; இன்னொரு மேஜையில் இதே சீட்டுக்கு அவர்கள் நாலு கேட்டு எடுத்துவிட்டார்கள். கோப்பை ஆரியசாலைக்குப் போயிற்று. திரும்பும்போது பஸ்ஸில், "நாளைக்கு ஏகாதசி அல்லே?" என்று கேட்டீர். அவ்வளவுதான்.

அதோடு மேஜையில் காபி நின்றது, 'மதி'க்கும் தடை வந்தது. 'காபிக் கோப்பைக்காக வெள்ளிக் கோப்பையை விட்டவர்' என்று உம்மைக் காலமெல்லாம் கேலி செய்தார்கள். நீரும் சேர்ந்து சிரித்தீர். நானும் சிரித்தேன் என்பதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அதற்கப்புறமும் பதினோரு வருஷம் என்னோடுதான் ஆடினீர். ஆனால் பழைய துணிச்சல் இல்லை. ஆறு கேட்க வேண்டிய சீட்டுக்கு நாலு, நாலு கேட்க வேண்டியதற்கு மூன்று. டம்மியாக நீர் சீட்டைப் பரப்பும்போதெல்லாம், "இத்தனையும் வெச்சுண்டா மூணோட நிறுத்தினீர்? வயசாயிடுத்து ஓய், தைரியம் போயிடுத்து" என்பேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "ஆமாம் ஓய், பயம்தான்" என்பீர்.

இந்த முறை நடந்தது நடந்தபடி எழுதினேன். உம் பேர் சம்பந்தப்பட்டதாயிற்றே என்று, சசிதரனிடம் கொடுப்பதற்கு முன்னால் ஸ்ரீவராகத்தில் உம் வீட்டுக்குப் போய், உம் மனைவி மன்னிக்கு அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். மன்னி அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"அவருக்கு அன்னிக்கே தெரியுமே" என்றார். "ஆத்துக்கு வந்ததும் சொன்னார். 'அவன் பார்த்தான். பயந்து போயிட்டான், பாவம். இனிமே நான் ஒரு படி தாழ்த்தியே கேட்டுக்கறேன். கப்பு போனாப் போறது, அவன் வராம இருந்துடப்படாது'ன்னார். உங்களுக்குத் தெரியும்னுன்னா நான் நெனச்சிண்டிருந்தேன்!"

எனக்குத் தெரியாது, ஓய். பதினோரு வருஷம், வாரத்துக்கு வாரம், அத்தனை நல்ல சீட்டையும் என் கண்ணெதிரே மேஜையில் விரித்து வைத்தீர். நான் அதைப் பார்த்து உமக்குப் பயம் என்றேன். ஆமாம் என்றீர்.

அந்தப் பக்கத்தை ஒரு வரி மாற்றாமல் சசிதரனிடம் கொடுத்துவிட்டேன். அச்சில் வரட்டும், எல்லாரும் படிக்கட்டும். ஆனால் அது ஊருக்குச் சொன்னது. உம்மிடம் சொல்ல வேண்டியது அப்படியே நெஞ்சில் கிடக்கிறது. எனக்கு ஒரே ஒரு சனிக்கிழமை வேண்டும். எதிரே உட்காரும், உம் இஷ்டத்துக்கு ஏற்றிக் கேளும். நான் கவிழ்கிறேன். ஊரே கூடிப் பார்க்கட்டும்.