முழங்கை நீள நகமும் ஒரு பிடி குழையும்

இன்று அலுமாரிக்கு மேலே தூசு தட்டும்போது அந்த மட்டை மிருகம் என் தலையில் விழுந்தது. கறையான் அரித்தது போக, பனைமட்டையில் நீங்கள் சீவிய நகம் ஒன்றுதான் மிச்சம். அது நெற்றியில் கீறியும் விட்டது. "இஞ்சாருங்கோ, செத்தும் என்னை விடமாட்டியளோ?" என்று வாய்விட்டுக் கேட்டேன். பிறகு கதிரையில் இருந்து அழுதேன்.

நீங்கள் என்னைக் கைப்பிடித்துத் தர்மபுரத்து வீட்டுக்கு வந்தபோது என் மகள் தாரணிக்கு எட்டு வயது. தகப்பனை இழந்த பிள்ளை. உங்கள் பருத்த உடம்பும் இடிக்குரலும் அவளுக்குப் பயம். "அவரைச் சாப்பிட வரச் சொல்லுங்கோ" என்பாள் என்னிடம், நீங்கள் முன்னால் நிற்கவே. "வாறாராம் எண்டு சொல்லும்" என்று நீங்களும் சிரிப்பீர்கள். ஆட்டுக்கொட்டிலில் போய்க் கண்ணைத் துடைத்ததை நான் காணவில்லை என்று நினைத்தீர்களாக்கும்.

பள்ளிக்கூடக் கண்காட்சிக்குத் தெரிசினோசோரஸ் என்ற டைனோசர் வேண்டும் என்று அவள் என்னிடம் கேட்டாள். நீங்கள் புத்தகத்தில் படத்தை மட்டும் பார்த்துவிட்டு மூன்று நாள் இருந்து செய்தீர்கள். இவ்வளவு பெரிய நகம் உள்ளது இறைச்சிதானே தின்னும் என்று, வாயில் ஒரு களிமண் ஆட்டுக்குட்டியையும் வைத்துவிட்டீர்கள். நரிக்குப் பயந்து ஆடு வளர்க்கிற மனிசனுக்கு வேறென்ன தோன்றும்!

"ஐயோ, அது ஆரையும் கடிக்காது! இலை குழைதான் தின்னும்."

முதல் தடவையாக உங்கள் முகத்தைப் பார்த்துக் கதைத்தாள். நகத்தால் கொப்பை வளைத்து இழுக்குமாம். சின்னப் பல்லால் இலையை அரியுமாம். அவ்வளவும் செரிக்கத்தான் அந்தப் பெரிய வயிறாம்.

"அப்ப அந்த நகம், நான் ஆட்டுக்குக் குழை பறிக்கிற கொக்கத்தடி மாதிரி."

"ஓம், அதேதான்." வாயில் ஆட்டுக்குட்டியை வைத்த பிழையை நினைத்து உங்கள் முகம் வாடியதைக் கண்டு, "பரவாயில்லை, படிச்ச ஆக்களே முதல்ல ஆமை மாதிரி ஏதோ எண்டுதான் நினைச்சவையாம்" என்று ஆறுதலும் சொன்னாள்.

ஆட்டுக்குட்டியை எடுத்துவிட்டு இருவருமாகப் பூவரசங்குழையைச் செருகினீர்கள். அதன்பிறகு குழை வெட்ட உங்கள் சைக்கிளில் அவளும் வந்தாள். ஆனால் அப்பா என்று மட்டும் கூப்பிடவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

கடைசி நாள் ஆசுபத்திரியில், "நீர் அவருக்கு என்ன முறை?" என்று தாதி தாரணியிடம் கேட்டார்.

"மகள். அவர் என்ர அப்பா."

உள்ளே போய் உங்கள் காதடியில் குனிந்து, அப்பா, அப்பா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நீங்கள் மயக்கத்தில் கிடந்தீர்கள். கேட்டதோ தெரியாது. நான் வாசலில் நின்று, உங்களுக்காகவும் சேர்த்துக் கேட்டேன்.