பன்னிரண்டாம் நோயாளி குணமடைந்தார்

மூன்று வாரம் முன்பு டைப்பிஸ்ட் என் மேஜையில் ஒரு தாளை வைத்துவிட்டுப் போனார். கார்பன் காப்பி. தொட்டதும் விரலில் நீல மை ஒட்டியது. மேலே என் பெயர். கீழே பன்னிரண்டு வரிகள், வரிக்கு ஒரு நோயாளி. கடைசி வரி நீ.

ஆண், இருபத்தெட்டு வயது, பூச்சிமருந்து விஷம். மெஷின் இல்லாமல் நாற்பது மணி நேரம் கையாலேயே சுவாசம் கொடுக்கப்பட்டது. குணமடைந்தார்.

அந்தத் தாளில் நீ இன்னும் உயிரோடு இருக்கிறாய்டா.

எங்கள் தலைமை டாக்டர் இதைக் கட்டுரையாக்கி வெளியிடப் போகிறார். நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. பேனாவைத் திறந்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கை வியர்த்துத் தாள் நனைந்தது. பக்கத்து மேஜைக்காரர் என்ன ஆயிற்று என்று கேட்டார். வெயில் என்றேன்.

நான் இப்போது மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சை வார்டில் இருக்கிறேன். ஃபெலோஷிப் என்று பெயர். மூச்சு நின்று போகிற நிலையில் வருகிறவர்களை எப்படிக் காப்பாற்றுவது என்று டாக்டர்கள் வேலை செய்துகொண்டே ஆராய்ச்சி செய்கிற இடம். நாலு மூச்சு மெஷின் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு டாக்டரைத்தான் எடுப்பார்கள். என்னை எடுத்தது உன்னால். நீ பிழைத்ததால். இதை எழுதவே எனக்குக் கூசுகிறது.

நாம் விழிதியூர் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. கணக்கில் நீ எப்போதும் என்னைவிட ஏழெட்டு மார்க் கூட. உன் அப்பா படுத்த படுக்கையானதால் நீ பண்ணை வயலுக்குப் போனாய். என் அப்பாவுக்கு மாதச் சம்பளம் வந்ததால் நான் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். இதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் கிடையாது. ஊரில் தலையெழுத்து என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுதினது யார் என்று ஒருத்தனும் கேட்பதில்லை.

குறுவை நெல்லில் புகையான் பூச்சி விழுந்த வருஷம் அது. பண்ணைக்காரர் மருந்தை டபுளாகக் கலந்து அடிக்கச் சொன்னார். டப்பாவில் எழுதியிருந்தது எல்லாம் ஆங்கிலம். வெறுங்காலும் கைலியுமாக, மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, ஒழுகுகிற பம்பை முதுகில் மாட்டி நீ காலையிலிருந்து அடித்தாய். முதுகெல்லாம் மருந்து. மத்தியானம் வரப்பில் விழுந்தாய். பண்ணை வீட்டு வாசலில் டிராக்டர் நின்றது, தரவில்லை. உன்னை மாட்டு வண்டியில்தான் கொண்டுவந்தார்கள்.

நான் வேலை பார்த்தது காரைக்காலில் பதினாறு கட்டில் உள்ள சின்ன ஆஸ்பத்திரி. பகலில் நான் ஒருவன்தான் டாக்டர். வாயில் நுரையும் கடுகளவு சுருங்கிய கண்மணியுமாக உன்னை இறக்கினார்கள். விஷத்தை முறிக்கும் அட்ரோபின் ஊசியை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன். போட்டுக்கொண்டிருக்கும்போதே உன் மூச்சு நின்றது. தொண்டைக்குள் குழாய் போட்டு, கையால் அமுக்கினால் காற்று போகும் ரப்பர் பையை மாட்டி அமுக்க ஆரம்பித்தேன். மெஷின் கிடையாது. யாராவது அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் நீ இல்லை.

அதற்குள் ஒரு போலீஸ்காரர் வந்து கட்டிலருகே நின்றார்.

"குடிச்சானா, அடிச்சானா?"

"அடிக்கையில விழுந்துட்டாருங்க" என்றாள் மல்லிகா. உனக்கும் அவளுக்கும் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"எல்லாரும் இதேதான் சொல்றீங்க. குடிச்சிருந்தா கேஸு, தெரியுமில்ல? அவனை எழுப்பிக் கேக்கலாமா டாக்டர்?"

"முதல்ல அவன் மூச்சு விடட்டும் சார்" என்றேன். அவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பேன். கையில் பை இருந்தது.

என் விரல்கள் மரத்துப்போன நேரத்தில் பக்கிரிசாமி அண்ணன் கிட்டே வந்தார். நம் ஊர் வாய்க்காலில் யார் வயலுக்கு எப்போது தண்ணி என்று முறை வைக்கிறவர். கொஞ்சநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது முறை வச்சா ஆவாதா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. வண்டியோடு வந்தவர்கள், கேள்விப்பட்டு வந்தவர்கள், மொத்தம் பதினோரு பேர். ஆளுக்கு அரைமணி. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துப் பக்கிரிசாமி அண்ணன் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பெயர் வந்தவன் கையைக் கழுவிவிட்டு வந்து பையை வாங்குவான். கை மாறும்போது ஒரு மூச்சுகூடத் தப்பவில்லை. மடை மாற்றுகிற மாதிரி மாற்றினார்கள். ஒருவன் பயத்தில் படபடவென்று அமுக்கியபோது, "ஏண்டா, சைக்கிளுக்கா காத்தடிக்கிற? அவன் நெஞ்சப் பாத்து அமுக்குடா" என்று பக்கிரிசாமி அண்ணன் அதட்டினார். அழுதுகொண்டிருந்த மல்லிகாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாற்பது மணி நேரம். உன் உயிர் விழிதியூரின் கையிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் விடிந்தபோது நீயே மூச்சு விட்டாய். குழாயை எடுத்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "என்ன டாக்டரே, மூஞ்சி பேய் அறஞ்ச மாதிரி இருக்கு" என்றாய். குரல் மூக்கால் வந்தது. குழாய் இருந்த புண் என்று நினைத்தேன். காப்பி கொடுக்கும்போது உன் தலை எழும்பவில்லை. மல்லிகா பின்கழுத்தில் கையைக் கொடுத்துத் தூக்கித்தான் குடிக்க வைத்தாள். பார்த்தேன். அசதி என்று நினைத்தேன்.

அதே காலையில் பண்ணையிலிருந்து ஓர் ஆள் வந்தான். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பான் என்று பார்த்தால், "பம்பக் கழுவி வச்சாச்சான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றான். நீ படுத்தபடியே, "கழுவி வச்சுட்டுத்தான் சாவேன்னு போய்ச் சொல்லு" என்றாய். எல்லோரும் சிரித்தோம். நானும்.

ஃபெலோஷிப்புக்கான நேர்முகம் மறுநாள் காலை. மத்தியான பஸ்ஸை விட்டால் போக முடியாது. இதை நான் உன்னிடம் அன்றைக்கே சொல்லியிருந்தேன். ஆனால் எனக்குள் என்ன ஓடியது என்பதைச் சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் நீ குணமாகிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. குணமாகிவிட்டாய் என்று முடிவு செய்துவிட்டுத்தான் உன்னைப் பரிசோதித்தேன்.

வாய்க்காலில் தண்ணி திறந்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. பக்கிரிசாமி அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, நாங்க கெளம்பட்டுமா? இல்ல ரெண்டு பேரு இருக்கட்டுமா?"

"வேண்டாண்ணே. அவன்தான் பேசுறானே. முறை முடிஞ்சுது, போங்க."

"சோறு குடுக்கலாமாண்ணே?" என்று மல்லிகா கேட்டாள். ரசம் சோறு கொஞ்சம் குழைத்துக் கொடு என்றேன்.

நான் கிளம்பும்போது நீ என் சட்டை நுனியைப் பிடித்தாய். பிடியில் பலமே இல்லை. "போய் என் கதையச் சொல்லுடா. மெட்ராஸ்காரன் அசந்து போவான்."

அசந்துதான் போனார்கள். மூன்று பெரிய டாக்டர்கள். வாய்க்கால் முறை என்றதும் ஒருவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். இப்போது நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் சார், சோறு சாப்பிடுகிறார் என்றேன். பொய் சொல்வதாக எனக்குத் தெரியாது. நான் அந்த அறையில் உட்கார்ந்திருந்த அதே காலையில் உன் மூச்சு மறுபடி நின்றது. பதினாறு கட்டிலுக்கு ஒரே ஒரு சிஸ்டர். அவர் ஓடிவந்து பையை எடுத்தாராம். குழாய் போட டாக்டர் இல்லை. அமுக்கத் தெரிந்த பதினோரு பேரும் வயலில் நின்றார்கள்.

இங்கே வந்த பிறகுதான் படித்தேன், பார்த்தேன். இந்த விஷத்தில் சிலருக்கு இப்படி ஆகும். முதலில் தேறுவார்கள், பேசுவார்கள், சிரிப்பார்கள். பிறகு கழுத்து விழும், குரல் மாறும், நெஞ்சுத் தசை ஓயும். நாலைந்து நாள் தாக்குப்பிடிக்க வைத்தால் பலர் எழுந்து நடந்து போகிறார்கள். நடந்து போவதைக் கண்ணால் பார்க்கிறேன்.

உன் சாவுக்கு ஊர் ஒரு காரணம் கண்டுபிடித்தது. விஷம் ஏறிய வயிற்றில் சோறு போட்டதால் விஷம் கிளம்பிவிட்டதாம். சோறு போட்டது யார்? மல்லிகா. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் அம்மாவும் அண்ணனும் அவளை வெளியே அனுப்பினார்கள். சோறூட்டிக் கொன்றவள் என்று பெயர். நான் அந்தக் காரியத்துக்கு வந்திருந்தேன். சாப்பிட்டேன். வாயைத் திறக்கவில்லை. சோறு கொடுக்கச் சொன்னது நான், ஆட்களைப் போகச் சொன்னது நான். சட்டைப் பையில் ஃபெலோஷிப் கடிதம் இருந்தது. டிராக்டர் தராத பண்ணைக்காரர்மேல் எனக்கு இருக்கும் ஆத்திரம் நிஜம்தான். ஆனால் அந்த ஆத்திரத்துக்குப் பின்னால் நான் இரண்டு வருஷம் ஒளிந்துகொண்டிருந்தேன்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் நான் தப்பித்தேன். எங்கோ ஒரு சின்ன ஊர் டாக்டர் அதைப் படித்துவிட்டு மூன்றாம் நாள் ஆட்களை வீட்டுக்கு அனுப்புவார். போடாவிட்டால் ஃபெலோஷிப் போகும், பொய்யன் என்ற பெயர் வரும். இரண்டுக்கும் பயந்தேன். எல்லாவற்றையும்விட மல்லிகாவின் முகத்துக்குப் பயந்தேன்.

கையெழுத்துப் போடாமல் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

அவள் காரைக்கால் பக்கத்துத் தருமபுரத்தில் ஒரு ரைஸ் மில்லில் வேலை செய்கிறாள். களத்தில் காய்கிற அவித்த நெல்லைக் காலால் அளைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே, எப்ப வந்தீங்க?" என்றாள். நான் நின்றபடியே சொன்னேன். முழுவதையும். கழுத்து, குரல், பஸ், பக்கிரிசாமி அண்ணன் கேட்டது, நான் வேண்டாம் என்றது. அவள் கால் நிற்கவே இல்லை. நெல்லில் கோடு கோடாகப் போய்க்கொண்டே கேட்டாள். களத்தின் கோடி வரை போய்த் திரும்பி வந்தாள்.

"அப்ப ரசஞ்சோறு இல்லியா?"

"இல்ல."

"நல்லாத் தெரியுமா?"

"கழுத்து காலையிலயே விழுந்துடுச்சு. நீ சோறு குடுத்தது அதுக்கப்புறம். குடுக்கச் சொன்னதும் நான்தான்."

"நல்லாத் தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியும்."

அப்போதுதான் நின்றாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். "எழுதிக் குடுங்க" என்றாள்.

மில் கணக்குப்பிள்ளையிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். சீல் இல்லையா என்று கேட்டாள். என் கையெழுத்துப் போதும் என்றேன்.

"எனக்குப் போதும். அவங்களுக்கு? நீங்களே வந்து படிங்க."

விழிதியூருக்கு அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். உன் வீட்டு வாசலில் உன் அம்மா, உன் அண்ணன், அக்கம்பக்கத்து ஆட்கள், பக்கிரிசாமி அண்ணன். தாளைப் பிரித்தேன். படித்தேன். ரெண்டு பேர் இருக்கட்டுமா என்று கேட்டார், நான்தான் வேண்டாம் என்றேன் என்ற இடத்தில் பக்கிரிசாமி அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏண்டா, ரெண்டு வருஷமா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. எழுந்து போய்விட்டார். உன் அண்ணன் என்னை வெளியே போகச் சொன்னான். மல்லிகா என் கையிலிருந்து தாளை வாங்கி நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். யாரையும் கேட்காமல் உன் அம்மாவைத் தாண்டி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே பானையிலிருந்து தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. யாரும் தடுக்கவில்லை.

அவளுக்கு எழுதிக் கொடுத்ததையே ஆங்கிலத்தில் எழுதித் தலைமை டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். பன்னிரண்டாம் வரியில் நாலாம் நாள் இறந்தார், காரணம் டாக்டரின் தவறான முடிவு என்று திருத்தியிருக்கிறேன். வாங்கி வைத்துக்கொண்டார். இன்னும் கூப்பிடவில்லை. வராந்தாவில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுகிறேன்.

இன்று காலை வார்டில் ஒருவருக்கு மூன்றாம் நாள். அதே விஷம். நன்றாகிவிட்டது, வீட்டுக்கு அனுப்புங்கள் சார் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். உறவுக்காரர்களும் மூட்டையைக் கட்டிவிட்டார்கள். ஒருவரும் நகரக் கூடாது என்று கத்தினேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். கட்டிலருகே போய், தலையைத் தூக்குங்கள் என்றேன். தூக்கினார். மறுபடியும் தூக்கச் சொன்னேன்.