பூனைக்குக் கக்கூஸ்

2006 ஆகஸ்ட் 14, திங்கள்

பூனை பின்னங்காலைத் தூக்கிக்கொண்டே வந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். அண்ணன் சிமெண்ட் பூசும் கரணையை அதன்மேல் வீசியிருக்கிறான். நாளைய பூச்சு வேலைக்குச் சலித்து வைத்த மணலில் அது ஆய் போய்விட்டதாம்.

நேற்று பழைய அரிசி டப்பாவை வெட்டி, அந்த மணலையே அள்ளிப் போட்டுப் பூனையைப் பழக்கினேன். இன்று அது குவியலுக்கே போய்விட்டது.

"பூனைக்குக் கக்கூஸ் கட்டுறியாடி? நம்ம வூட்டுக்கே ஒழுங்கா இல்ல." டப்பாவை மிதித்து நொறுக்கினான். "காலைல இத சாக்குல கட்டி கடல்ல போட்டுடுறேன், பாத்துக்க."

அடுப்பில் கத்தியைப் பழுக்கக் காய்ச்சி எடுத்துக்கொண்டு திரும்பினேன். அண்ணன் சுவரோடு ஒட்டி நின்றான்.

அவன் சட்டைகள் வைத்திருந்த பிளாஸ்டிக் பெட்டியைத் தரையில் கொட்டி, பூனை நுழைய அதில் வாசல் வெட்டினேன்.