மை கொட்டாத அண்ணனுக்கு

என் அருமை அண்ணா,

உன் மகள் லலிதாவைப் பெண் பார்க்க நேற்று தொம்மலூர் வீட்டுக்கு வந்தார்கள். காபியை வாங்கிய கையோடு பையனின் அம்மா கன்னடம் கலந்து கேட்டாள்: "பொண்ணோட அப்பாவுக்குப் புத்தி சரியில்லாம இருந்ததாமே, ஹவுதா, நிஜமா?" லலிதா தலை நிமிரவேயில்லை.

யார் கட்டிய கதை இது? அண்ணி போன துக்கத்தில் நீ கொஞ்ச காலம் வேலைக்குப் போகவில்லை. தேறித் திரும்பியபோது, மூளை சரியாக இருக்கிறது என்று சர்டிபிகேட் கேட்டார்கள் ஆபீசில். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள் நான்தானே.

அங்கே உட்கார்ந்திருந்தார் அந்த மேதாவி, மனநல நிபுணராம். மைக்கறை படிந்த ஓர் அட்டையை நீட்டி, "என்ன தெரியுது?" என்றார். கறையில் என்ன உருவம் தெரிகிறது என்று சொல்வதை வைத்து மனசை எடை போடுவாராம். நீயோ மேஜைக்கு மேஜை மைக்கூடு நிரப்பும் அட்டெண்டர். கறை பட்ட காகிதத்தை உன்னிடம் யாராவது நீட்டினால் திட்டப்போகிறார்கள் என்றுதான் அர்த்தம். பதறி எழுந்துவிட்டாய்.

"நான் கொட்டலீங்க சார். துணி குடுங்க, ஒத்தி எடுத்துடறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. குற்ற உணர்ச்சி, சந்தேகப் புத்தி, வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிட்டார். அடுத்த அறை டாக்டரம்மா அதே பதிலைப் படித்துவிட்டு, "துக்கம்தாம்மா, வேற ஒண்ணுமில்லே" என்றார். ஆனால் கையெழுத்துப் போடும் அதிகாரம் மேதாவிக்குத்தான்.

ஒரே ஆள், ஒரே பதில், இரண்டு தீர்ப்பு. காய்கறிக் கடைத் தராசு இப்படி ஆளுக்கொரு எடை காட்டினால் சும்மா விடுவோமா, அண்ணா? இதற்குப் பெயர் விஞ்ஞானமாம். குடுகுடுப்பைக்காரனாவது நல்ல காலம் பொறக்குது என்று சொல்லிவிட்டுப் போகிறான். இவரோ தன் மண்டைக்குள் இருந்த குப்பையை உன் தலையில் கொட்டினார்.

வேலை போயிற்று. மென்டல் என்று தெருவே சொன்னது. அந்தப் பெயரோடேயே போய்ச் சேர்ந்தாய். மேதாவி இப்போது பெரிய மனிதர். கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கவும் அதே அட்டைகளைத்தான் நீட்டுகிறாராம். எத்தனை பேர் மாட்டினார்களோ?

நேற்று வந்தவர்களிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அந்த அம்மாள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, "எங்க வீட்டுக்காரர் போனப்போ நானும் அப்படித்தான் கிடந்தேன்" என்று லலிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பூ வைக்க நாள் பார்க்கிறார்கள், அண்ணா.

கல்யாணப் பத்திரிகையில் உன் உத்தியோகத்தைப் போடவேண்டாம், பழைய பேச்சு கிளம்பும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். போடத்தான் போகிறேன். உன் பெயருக்குக் கீழே, அட்டெண்டர் என்று, பளிச்சென்று தெரிகிற எழுத்தில். குலதெய்வத்துக்கு அடுத்த பத்திரிகை அந்த மேதாவிக்குத்தான். நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

என்றும் உன் தங்கை,
சரோஜா