பத்தடி தூரத்திலிருந்து மூன்று கும்பிடு

ரங்கநாதன் அவர்களுக்கு,

நான் சில்க் போர்டு ஸ்டாப்புக்குப் போய் கிருஷ்ணகிரி பஸ் ஏறுகிறேன். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கிறீர்கள். தட்டப் பிடிக்கவில்லை. தோசை மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. இன்னொரு சாவி எதிர்வீட்டுப் பார்கவியிடம்.

காலையில் அப்பா போய்விட்டார் என்று அண்ணன் ஃபேமிலி குரூப்பில் போட்டதைப் பார்த்ததும் அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஹாலில் இருந்த நீங்கள் ஓடி வருவீர்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். குரூப்பில் வந்தது உங்கள் "ஓம் சாந்தி"யும் மூன்று கும்பிடும்தான். பத்தடி தூரத்திலிருந்து, பதினேழாவது ஆளாக! சீ, அருவருப்பாக இருக்கிறது.

அம்மா போனில், "மாப்ள பக்கத்துல இல்லியாம்மா? ஒரு வார்த்தகூட பேசலியே" என்று அழுதாள். "ஆன்லைன்ல இருக்காரும்மா" என்றேன்.

போனை அணைத்துவிட்டேன். வருவதானால் நேரில் வாருங்கள்.

வனஜா

பி.கு.: தீபாவளிக்கு உங்களை அழைத்து அப்பா தன் கையால் எழுதிய இன்லேண்ட் லெட்டர் போன வாரமே வந்தது. டிவிக்கு அடியில் பிரிக்காமலே கிடந்தது. இந்தச் சீட்டுக்குக் கீழே வைத்திருக்கிறேன். இப்போதாவது பிரித்துப் படியுங்கள். பதில் கும்பிடு எந்த நம்பருக்கு அனுப்புவீர்கள்?