படத்தில் ஒன்பதாவது ஆள்

உட்பிரிட்ஜ், சஃபோக்
1992 மார்ச் 9

மரியாதைக்குரிய திரு. மெக்காஸ்கில் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. போர்க்காலத்தில் கடலில் விழுந்த விமானிகளைத் தேடி ஃபீலிக்ஸ்டோவிலிருந்து கிளம்பிய மீட்புப் படகில் நீங்கள் வயர்லெஸ் பார்த்தபோது, கீழே எஞ்சின் அறையில் இருந்த பெர்சி தர்லோவின் மனைவி நான். உங்கள் முகவரியைக் கனடாவின் பழைய படைவீரர் சங்கத்தார் கொடுத்தார்கள். நீங்களும் வீட்டாரும் நலமென்று நம்புகிறேன்.

பெர்சி போன நவம்பரில் காலமானார். நெஞ்சு வலி. கஷ்டப்படவில்லை, கஷ்டப்படுத்தவும் இல்லை. முதலிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். இந்தத் தாளை மூன்று முறை கிழித்துப் போட்டுவிட்டேன், இனிமேல் வருகிறபடி வரட்டும்.

நீங்கள் போன அந்தப் படகில்தான் நாங்கள் நாற்பத்தாறு வருஷம் குடியிருந்தோம் என்றால் நம்புவீர்களா? 1946இல் எஞ்சின்களைக் கழற்றிவிட்டு வெறும் கூடாக விற்றார்கள். பெர்சி அதை வாங்கி டெபன் ஆற்றுச் சேற்றில் கட்டிப்போட்டு, ஜன்னல் வைத்து, அடுப்பு வைத்து, என்னைக் கூட்டிவந்தார். குண்டு விழுந்து வீடு கிடைக்காத காலம், அதனால்தான் படகு என்று நினைத்துக்கொண்டேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கடல்நீர் ஏறினால் படகு மிதக்கும், இறங்கினால் சேற்றில் சாய்ந்து உட்காரும். மேசையில் கோப்பை நழுவினால் மணி பார்க்கத் தேவையில்லை.

இப்போது அந்தப் படகுகளின் வரலாற்றைக் காப்பாற்ற ஒரு சங்கம் ஏற்படுத்தியிருக்கிறார்கள். அதன் செயலாளர் கேட்ச்போல் என்பவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். வாரம் இரண்டு முறை டேப் ரெக்கார்டரோடு வருகிறார். நூற்றுக்கணக்கில் கட்டிய படகுகளில் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் மிச்சமாம். ஆயிரக்கணக்கான உயிரைக் காப்பாற்றியவர்களின் பெயர்கூட யாருக்கும் தெரியவில்லை என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிடுகிறது. நல்ல மனிதர். படகைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டேன். செப்டம்பரில் எடுத்துப் போவார்கள். எனக்கு ஊருக்குள் இரண்டாவது மாடியில் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள்.

உங்களுக்கு எழுதும் காரணம் இதுதான். படகின் மேல்தளத்தில் ஒன்பது பேர் நிற்கும் படம் ஒன்று பெர்சியின் பெட்டியில் இருந்தது. எட்டுப் பேரின் பெயரைக் கேட்ச்போல் கண்டுபிடித்துவிட்டார். வலது ஓரத்தில் தலையைத் திருப்பிச் சிரித்துக்கொண்டிருக்கும் ஒன்பதாவது ஆள் யாரென்று தெரியவில்லை. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் நான் கேட்டபோது பெர்சி, “அவனா? ஒரே ஒரு நாள் வந்தவன்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். போரைப் பற்றி அவர் பேசியதே இல்லை. குளிர் என்பார், அவ்வளவுதான்.

மற்ற ஏழு பேரும் போய்விட்டார்களாம். நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். படத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். ஞாபகம் வந்தால் எழுதுங்கள். வராவிட்டாலும் ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஈனிட் தர்லோ


1992 ஜூன் 21

அன்புள்ள டக்ளஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. உடனே பதில் போடாததற்கு மன்னிக்க வேண்டும். படித்தேன், மடித்து வைத்தேன், துணி துவைத்தேன், மறுபடி எடுத்துப் படித்தேன்.

அந்த 1944 ஜனவரி நாளை நீங்கள் எழுதியிருந்தபடியே கேட்ச்போலுக்குச் சொன்னேன். வழக்கமான மருத்துவ உதவியாளருக்குப் பொன்னுக்குவீங்கி வந்ததால் அவருக்குப் பதிலாக கிளிஃபர்ட் ஆர்மரோட் என்ற இருபத்திரண்டு வயதுப் பையன் வந்தது. கிளம்பும் முன்னால் பத்திரிகைக்காரர் படம் எடுத்தது. ரப்பர் தோணியில் ஐந்து விமானிகளைக் கண்டது. கை விறைத்துப்போய் அவர்களால் படகின் பக்கத்தில் தொங்கவிட்ட வலையைப் பிடித்து ஏற முடியாமல் போக, கிளிஃபர்ட் தானே வலையில் இறங்கி ஒவ்வொருவராகத் தள்ளி ஏற்றியது. ஐந்தாவது ஆள் மேலே வந்ததும் அடித்த அலையில் கிளிஃபர்ட் போனது. நாற்பது நிமிஷம் சுற்றிச் சுற்றித் தேடியது. இன்னும் நின்றால் இந்த ஐந்து பேரும் குளிரிலேயே செத்துவிடுவார்கள் என்று கேப்டன் எஞ்சின் அறைக்கு முழு வேக மணி அடித்தது.

கீழே இருந்த பெர்சிக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு விமானியைத் தேடுகிறார்கள் என்றுதான் நினைத்தாராம். மணி அடித்ததும் வேகம் கொடுத்தாராம். கரையில் இறங்கி, “அந்தப் புதுப் பையன் எங்கடா? டீ போட்டுத் தரேன்னு சொன்னானே” என்று கேட்டாராம். நீங்கள்தான் சொல்ல வேண்டியிருந்ததாம்.

டக்ளஸ், எங்கள் கட்டில் இருந்தது எஞ்சின் அறை இருந்த இடத்தில். அங்கே போடலாம் என்று சொன்னது அவர்தான். மேலே நல்ல வெளிச்சமான அறை இருக்கும்போது இந்த இருட்டுக் குழியில் எதற்கு என்று நான் சண்டைகூடப் போட்டிருக்கிறேன். இதை வைத்து நான் எதுவும் முடிவுக்கு வரவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை.

கேட்ச்போலோடு எனக்கு மனஸ்தாபம் வந்துவிட்டது. படகில் பதிக்கப்போகும் பெயர்ப் பலகையில் கிளிஃபர்டைச் சேர்க்க முடியாது என்கிறார். “எழுத்துல ஆதாரம் வேணும்மா. ஐம்பது வருஷத்துக்கு முந்தின ஞாபகத்தை நம்பி பித்தளையில வெட்ட முடியுமா? இந்தப் படகோட ஆளுங்க பட்டியல்லயே அவர் இல்ல” என்றார். ஒரு நாளைக்கு மாற்றாளாக வந்தவர் பட்டியலில் எப்படி இருப்பார்? “பட்டியல்ல இருந்தவங்க எல்லாம் கரைக்கு வந்துட்டாங்க, இல்லாதவர்தான் வரல” என்றேன். அவர் தேநீரை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

கிளிஃபர்டின் ஊர் அக்ரிங்டன் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? தொலைபேசிப் புத்தகத்தில் இருந்த ஆறு ஆர்மரோட்களுக்கும் எழுதினேன். ஒருவர் பதில் போட்டிருக்கிறார். ஹில்டா, கிளிஃபர்டின் தங்கை. அடுத்த வாரம் ரயிலேறுகிறேன். தனியாக அவ்வளவு தூரம் போய்ப் பழக்கமில்லை. எங்கே போனாலும் இவரோடுதான் போயிருக்கிறேன். இவரோ எங்கேயும் போக மாட்டார்.

உங்கள் முழங்கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

ஈனிட்


1992 அக்டோபர் 4

அன்புள்ள டக்ளஸ்,

இரண்டாவது மாடியிலிருந்து எழுதுகிறேன். சுவர் நேராக நிற்கிறது, தரை அசைவதில்லை. இரண்டு வாரமாகியும் நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன். கீழ்வீட்டுக்காரி நான் குடித்திருக்கிறேன் என்று நினைக்கிறாள்.

முதலில் நல்ல செய்தி. கிளிஃபர்டின் பெயர் பலகையில் ஏறிவிட்டது. ஹில்டாவிடம் ஒரு கடிதம் இருந்தது, அன்று காலை கிளிஃபர்ட் வீட்டுக்குப் போட்டது. “இன்னொருத்தருக்குப் பதிலா இன்னிக்கு இந்தப் படகுல போறேன். படமெல்லாம் எடுத்தாங்க, ஒரு பிரதி கேட்டு அனுப்பறேன்” என்று படகின் எண்ணோடு எழுதியிருக்கிறார். கேட்ச்போல் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் படித்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். மனிதர் நியாயமானவர், அதை நான் எப்போதும் சொல்வேன்.

நான் ஹில்டாவிடம் படத்தைக் கொடுத்தேன். நாற்பத்தெட்டு வருஷமாகப் பார்க்காத படம். “இந்தச் சிரிப்புக்குத்தாங்க எங்கம்மா அடிப்பாங்க, எதுக்கெடுத்தாலும் சிரிப்பான்” என்றார்.

இனிச் சொல்வது எழுதக் கூச்சமாக இருக்கிறது. என் பெயரைச் சொன்னதும் ஹில்டா, “தர்லோவா? அவர் இங்க வந்திருக்காரே” என்றார். 1946 மார்ச்சில் பெர்சி அந்த வீட்டுச் சமையலறையில், மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். “மணி அடிச்சுது, வேகம் குடுத்தேன். அவர் தண்ணியில இருக்கார்னு எனக்குத் தெரியாதும்மா” என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். கிளிஃபர்டின் அம்மா, “அந்த அஞ்சு பேரைப் பெத்தவங்க உங்களுக்கு நன்றி சொல்லட்டும் தம்பி. என்னால ஆகல” என்று சொல்லித் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்களாம். பெர்சி குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாராம்.

ஏப்ரலில் எங்களுக்குக் கல்யாணம்.

எங்கேயோ இருந்த ஒரு குடும்பத்துக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் படுத்திருந்த எனக்குத் தெரியவில்லை. திரும்பி வரும் ரயிலில் எனக்குக் கோபம்தான் வந்தது, அழுகை வரவில்லை. நான் தாங்க மாட்டேன் என்று நினைத்தாரா? அல்லது அது தெரியாத ஒருத்தியாவது வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்தாரா? அப்படியென்றால் நாற்பத்தாறு வருஷமும் அந்த வேலையை நான் நன்றாகவே செய்திருக்கிறேன். ஆனால் அதுதான் என் வேலை என்று யாருமே எனக்குச் சொல்லவில்லை.

படகை எடுத்த நாள் நல்ல வெயில். கிரேன் வருவதற்கு முன் உள்ளே இருந்ததையெல்லாம் பெயர்த்தார்கள். என் அடுப்பு, தொட்டி, மஞ்சள் பூப் போட்ட சுவர்க் காகிதம் எல்லாம் குப்பை வண்டிக்குப் போயின. கேட்ச்போல் என்னருகே வந்து, “தப்பா நினைக்காதீங்கம்மா. இதெல்லாம் பின்னாடி சேர்ந்தது. 1944இல எப்படி இருந்துச்சோ அப்படிக் கொண்டுவரணும்” என்றார். “நானும் பின்னாடி சேர்ந்தவதான்” என்றேன். வேடிக்கைக்குத்தான் சொன்னேன், அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் டேப் ரெக்கார்டரோடு இந்த அறைக்கு வந்து, போருக்குப் பிறகு நடந்ததைச் சொல்லச் சொன்னார். இரண்டு மணி நேரம் பேசினேன். பெர்சி மீன் வறுத்தால் படகு முழுக்கப் புகை நிற்குமே, அதைக்கூடச் சொன்னேன். அதைச் சங்கத்தில் எந்த அலமாரியில் வைப்பார்களோ தெரியாது.

உங்கள் கடைசிக் கடிதத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள். இங்கிலாந்திலிருந்து யார் எழுதுகிறார்கள் என்று உங்கள் மனைவி ஜீன் கேட்டதாகவும், ஏதோ பென்ஷன் விவகாரம் என்று நீங்கள் சொன்னதாகவும். அந்த வரியைத்தான் நான் அதிகம் படித்தேன். அன்று மேல்தளத்தில் வயர்லெஸ் அறைக் கதவருகே நின்று கிளிஃபர்ட் போவதைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள். அதை முகம் தெரியாத எனக்கு எழுத முடிந்திருக்கிறது.

ஜீன் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. அவர் மேல் எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை ஒளித்து வைக்காதீர்கள். அவர் அடுப்படியில் இருப்பார், இல்லையென்றால் தோட்டத்தில் இருப்பார். போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் இதை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அழுதால் அழட்டும், கோபித்தால் கோபிக்கட்டும். அவர் கேட்டுத் தெரிந்துகொள்ள நீங்கள் எதிரில் இருப்பீர்கள்.

கடவுள் உங்கள் இருவரையும் ஒரே வீட்டில் நெடுநாள் வைத்திருக்கட்டும்.

என்றும் அன்புடன்,
பெர்சியின் ஈனிட்